நான் பார்க்காத ரயில் நிலையங்கள்

அம்மா இறந்த வருடத்தில்தான் எங்கள் நிறுவனத்துக்கு இலங்கை வேலை கிடைத்தது.

ஏ.எஸ்.ராவ் நகரைத் தாண்டியிருந்த தொழிற்பேட்டையில், ரயில் நிலையங்களுக்கான சிக்னல் கருவிகள் செய்யும் சிறிய நிறுவனம் எங்களுடையது. ஹைதராபாத்தில் கணினி வேலை என்று சொன்னால் ஊரில் எல்லாரும் நகரத்தின் மேற்கே எழும்பியிருந்த கண்ணாடிக் கட்டடங்களைத்தான் நினைத்தார்கள். நாங்கள் இருந்தது இந்தப் பக்கம், தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில். அதன் ஒரு மூலையைத் தடுத்துக் குளிர்சாதனம் வைத்திருந்தார்கள். அதுதான் சோதனை அறை. தூத்துக்குடியில் பொறியியல் முடித்த கையோடு அந்த அறைக்குள் நுழைந்தவள் நான். கூடப் படித்தவர்கள் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் போய், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். எனக்கு அந்த அறையிலேயே நாற்பது வயதாகிவிட்டது.

ஒரு நிலையத்துக்குள் ஒரு ரயிலுக்குப் பச்சை காட்டிவிட்டால், அதன் பாதையில் குறுக்கிடும் மற்ற எல்லாச் சிக்னல்களும் சிவப்பிலேயே பூட்டிக்கொள்ள வேண்டும். முன்பு அந்தப் பூட்டும் வேலையை இரும்புக் கம்பிகளும் நெம்புகோல்களும் செய்தன. இப்போது மென்பொருள் செய்கிறது. அந்த மென்பொருளை ஏமாற்ற முடிகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. திரையில் தண்டவாளங்கள் கோடுகளாகத் தெரியும். அதில் பொய் ரயில்களை விடுவேன். தப்பான நேரத்தில் தப்பான பொத்தானை அழுத்துவேன். பூட்டு அசையாமல் இருந்தால் அந்த நிலையம் தேறியது. இதற்கு யாரோடும் பேச வேண்டியதில்லை. சில நாட்களில் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் என் குரலை நானே கேட்பேன்.

வீட்டிலும் அப்படித்தான். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை, வருடங்கள் போய்விட்டன. லோத்குண்டாவில், ராணுவ நிலத்தின் மதில் சுவரைப் பார்த்த ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர்கள் மூன்று தலைமுறையாகச் செகந்தராபாத்தில் இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். கீழ்வீட்டு ஆன்ட்டி என்னிடம் பிரியமாகத்தான் இருந்தார். ஆனால் அவருடைய தமிழில் பாதி தெலுங்கும் மீதியில் பாதி உருதுவும் கலந்திருக்கும். அவருடைய பேரப் பிள்ளைகள் தமிழில் கேட்டதற்குத் தெலுங்கில் பதில் சொல்லிவிட்டு ஓடுவார்கள். அம்மா இருந்தவரை நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவளிடமிருந்து போன் வரும். என்ன குழம்பு வைத்தாய், கறிவேப்பிலை அங்கே என்ன விலை, இவ்வளவுதான் பேச்சு. அவள் போன பிறகு, ஒரு சனிக்கிழமை மாலையில், அந்த வாரம் முழுக்க ஊர்த் தமிழில் ஒரு வாக்கியம்கூட நான் பேசவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அண்ணன் துபாயில் இருந்தான். அவன் பண்டிகைக்குப் பண்டிகை பேசுவான்.

அப்போது போர் முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இலங்கையின் வடக்கே அழிந்துபோன ரயில் பாதையை இந்தியா கடன் கொடுத்துத் திரும்பப் போட்டுத் தருவதாக ஒப்பந்தம் ஆகியிருந்தது. ரயில், துறைமுகம், வீடுகள், இரண்டு கடற்படைகளும் சேர்ந்து செய்யும் பயிற்சி என்று செய்தித்தாளில் ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரான தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல்கூட விட்டார்கள். சில மாதங்கள் ஓடிவிட்டு நின்றது. தலைவர்கள் கைகுலுக்கும் படங்கள் முதல் பக்கத்தில் வரும். பெரிய நிறுவனம் ஒன்று எடுத்த வேலையிலிருந்து ஒரு துண்டு, கைமாறிக் கைமாறி, எங்கள் ஷெட்டுக்கு வரைபடச் சுருள்களாக வந்து சேர்ந்தது.

வரைபடத்தில் ஊர்கள் மூன்று எழுத்துக் குறியீடுகளாகத்தான் இருந்தன. கோடுகள், எண்கள், குறியீடு. திரையின் மேல் ஓரத்தில் நிலையத்தின் பெயரைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் போட வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. தமிழ்ப் பெயர்களைச் சரிபார்க்க அலுவலகத்தில் என்னைத் தவிர ஆள் இல்லை. ஒரு நிலையத்தின் பெயரில் றகரம் வர வேண்டிய இடத்தில் ரகரம் விழுந்திருந்தது. அதைத் திருத்தினேன். அத்தனை வருட வேலையில் நான் தமிழில் செய்த ஒரே வேலை அதுதான். அந்த ஊர்களின் பெயர்களை நான் கல்லூரி நாட்களில் போர்ச் செய்திகளில் கேட்டிருக்கிறேன். அங்கே இன்னும் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று மேனேஜர் சொன்னார். தண்டவாளமே இல்லாத அந்த ஊர்களுக்கு நான் தினமும் காலையிலிருந்து மாலை வரை ரயில் விட்டுக்கொண்டிருந்தேன்.

கருவிகளை அனுப்புவதற்கு முன், வாங்குகிற நாட்டின் ரயில்வேயிலிருந்து ஆட்கள் வந்து, சோதனையை நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். நான்கு பேர் வந்தார்கள். தலைமைப் பொறியாளர் சிங்களவர், ஐம்பதைத் தாண்டியவர், மெதுவாகப் பேசுகிறவர். அவரோடு இரண்டு இளம் பொறியாளர்கள், அவர்களும் சிங்களவர்கள். நான்காவது ஆள் சிக்னல் இன்ஸ்பெக்டர். தலைவரைவிட வயதில் மூத்தவர், பதவியில் கீழே. பெயரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அவர் தமிழர்.

அவர்கள் வருவதற்கு முன்னாலேயே எங்கள் பாதுகாப்பு அதிகாரி, ஓய்வுபெற்ற ராணுவக்காரர், எல்லாரையும் கூப்பிட்டு விதிகளைச் சொல்லியிருந்தார். பக்கத்து ஷெட்டில் நாங்கள் ராணுவத்துக்கும் சில பொருட்கள் செய்தோம். அதனால் வெளிநாட்டவர்களுக்குச் சோதனை அறையும் சாப்பாட்டு அறையும் மட்டும்தான். மற்ற இடங்களுக்கு, கழிவறைக்குக்கூட, ஒருவர் கூடப் போக வேண்டும். அந்தக் கூடப் போகிற ஆளாக என்னைப் போட்டார்கள். சோதனையும் நானே நடத்துவதால் அது வசதி என்று மேனேஜர் நினைத்தார். எனக்கும் சந்தோஷம்தான். உண்மையைச் சொன்னால், அந்த வாரம் பீரோவிலிருந்து நல்ல புடவைகளாகப் பார்த்து எடுத்து வைத்தேன்.

முதல் நாள் காலை வாசலில் நின்று எல்லாருக்கும் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னேன். இன்ஸ்பெக்டர் கடைசியாக வேனிலிருந்து இறங்கினார். அவரிடம் மட்டும், "வணக்கம், வாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில், "குட் மார்னிங், மேடம்" என்றார். சொல்லிவிட்டு மற்றவர்களோடு உள்ளே நடந்தார்.

கேட்கவில்லையோ என்று நினைத்துக்கொண்டேன். மதியம் சாப்பாட்டு அறையில், இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா என்று தமிழில் கேட்டேன். "நோ, தேங்க் யூ" என்றார். தன் ஆட்களோடு அவர் சிங்களத்தில் பேசினார், தண்ணீர் ஓடுவது போலத் தடங்கல் இல்லாமல். என்னோடு ஆங்கிலம். அதற்குப் பிறகு நானும் தமிழில் பேசுவதை விட்டுவிட்டேன். கழிவறைக்கு அவர் போகும்போது வாசலில் ஐந்தடி தள்ளி நிற்பேன். வெளியே வந்து ஒரு முறை தலையை ஆட்டிவிட்டு நடப்பார். பின்னாலேயே நான் நடப்பேன். அந்த நாட்களில் எனக்கு ஏற்பட்ட வெட்கம் இப்போதும் நினைவிருக்கிறது. யாரோ கதவைத் திறப்பார்கள் என்று தட்டிவிட்டு, அடுத்த வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பதைப் போன்ற வெட்கம்.

சோதனை தெற்கு முனையிலிருந்து வடக்கு நோக்கி ஒவ்வொரு நிலையமாக நடந்தது. இளைஞர்கள் இருவரும் கெட்டிக்காரர்கள், நிறையக் கேள்வி கேட்டார்கள். இன்ஸ்பெக்டர் பின் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் காலை, பாதையில் பாதிக்கு மேல் போயிருந்தபோது, அடுத்த நிலையத்தைத் திரைக்குக் கொண்டுவந்தேன். சின்ன நிலையம். ஒரு முக்கியப் பாதை, ஒரு கிளைப் பாதை, ஒரே நடைமேடை. மேலே மூன்று மொழியில் பெயர். பின் வரிசையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

தலைவர் எழுந்து என் பக்கத்தில் வந்து, குனிந்து, தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் சொன்னார். இவர் இளவயதில் அங்கேதான் வேலை பார்த்தார், முடியுமானால் இந்த ஒரு நிலையத்தை அவரையே இயக்க விடுங்கள்.

நான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டார். எந்த இரண்டு பொத்தான்களை அழுத்த வேண்டும் என்று காட்டினேன். அழுத்தினார். நடைமேடைப் பாதை வெள்ளையாக ஒளிர்ந்தது, நுழைவுச் சிக்னல் பச்சையானது. நான் பக்கத்துக் கணினியிலிருந்து பொய் ரயிலை விட்டேன். சிவப்புத் துண்டு ஒன்று தெற்கிலிருந்து ஊர்ந்து வந்து, வளைவில் திரும்பி, நடைமேடையில் நின்றது.  இளைஞர்களில் ஒருவன் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் ஆங்கிலத்தில், இன்னொரு முறை பார்க்கலாமா என்று கேட்டார். ரயிலை அழித்துவிட்டுத் திரும்ப விட்டேன். அது வந்து நின்றதும் எழுந்து தன் இடத்துக்குப் போய்விட்டார். நான் விதிப்படி அந்த நிலையத்தைத் தப்புத் தப்பாக இயக்கிச் சோதித்தேன். பூட்டு அசையவில்லை.

அந்த வாரக் கடைசியில் பந்த் வந்தது. தனி மாநிலம் கேட்டு அந்த ஆண்டுகளில் அடிக்கடி பந்த் நடக்கும். பஸ் ஓடாது, கடை திறக்காது. விருந்தினர்களை சைனிக்புரியில் நிறுவனம் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் தங்க வைத்திருந்தோம். காலையில் மேனேஜர் போன் செய்தார். சமையல்காரர் வரவில்லை, அங்கே காவலாளி மட்டும்தான் இருக்கிறான், அவனுக்கு முட்டை பொரிக்க மட்டும்தான் தெரியும், உங்களிடம் ஸ்கூட்டி இருக்கிறதே, ஏதாவது செய்து எடுத்துக்கொண்டு போக முடியுமா என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டார்.

காய் வாங்கக் கடை இல்லை. வீட்டில் உருளைக்கிழங்கும் கேரட்டும் கொஞ்சம் பீன்ஸும் இருந்தன. சொதி வைக்கலாம் என்று தோன்றியது. தேங்காய் கேட்கக் கீழே போனேன்.

ஆன்ட்டி தேங்காயைக் கொடுத்துவிட்டு, "இன்னிக்கு பந்த் ம்மா. ரோட்ல டயர் கொளுத்துவாங்க. நீ கைக்கு போற? நக்கோ" என்றார். ஏன் போகிறாய், வேண்டாம் என்று அர்த்தம்.

வெளிநாட்டு விருந்தாளிகள், பட்டினியாக இருக்கிறார்கள் என்றேன்.

"எந்த நாடு?"

"இலங்கை."

"ஹவ்? அப்படியா? அப்போ தமிழ் பேசுவாங்களா?"

பேசமாட்டார்கள் என்று சொன்னேன்.

பருப்பை வேகவைத்து, தேங்காய்ப் பால் பிழிந்து, இஞ்சிச் சாறு விட்டுச் சொதி வைத்தேன். உருளைக்கிழங்குப் பொரியலும், பாத்திரம் நிறையச் சோறும். ஸ்கூட்டியின் முன்னால் தூக்குச் சட்டிகளை நெருக்கி வைத்து, கண்டோன்மென்ட் சாலை வழியாக ஓட்டிக்கொண்டு போனேன். சாலையில் ஆள் இல்லை. காவல் கூண்டில் நின்ற சிப்பாய் மட்டும் என் தூக்குகளைப் பார்த்தான்.

அங்கே இளைஞர்கள் தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் மாடியில் படுத்திருந்தார். இன்ஸ்பெக்டர் பின்பக்கத் துணிக்கொடியில் தன் சட்டைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வந்து ஒரு தூக்கை வாங்கிக்கொண்டார். சமையலறை மேடையில் வைத்து மூடியைத் திறந்தவர், குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"இது சொதியோ?" என்றார்.

அவர் தமிழில் கேட்டது எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. அவசரத்தில் என் வாயிலிருந்து பொதுத் தமிழ் வரவில்லை, ஊர்த் தமிழ் வந்தது. "ஆமா, சொதிதான். காலைல ஏதும் சாப்ட்டியளா அண்ணாச்சி?"

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "நீங்கள் எங்கட ஆக்கள் மாதிரியெல்லோ கதைக்கிறியள். அண்ணாச்சி எண்டா அண்ணையோ?"

"அண்ணன்தான். எங்க ஊர்ல மரியாதையா அப்படிச் சொல்லுவோம்."

"எங்கட சொதி இன்னும் தண்ணியா இருக்கும் பிள்ளை. இவ்வளவு மரக்கறி போடமாட்டம்."

தட்டுகளைக் கழுவத் தொடங்கினார். நான் துடைத்தேன். மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "நான் தமிழுன்னு மொத நாளே தெரியும்லா. பொறவு ஏன் ஒரு வார்த்த பேசல?"

 தட்டைக் கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்தார்.

"கோவிக்காதேங்கோ. வேலை இடத்தில தமிழ் கதைச்சா, கதைக்கிறதை விட, என்ன கதைச்சனான் எண்டு பிறகு சொல்லுற வேலைதான் கூட. கன வருசமா அப்பிடி. கதையாமல் இருக்கிறது சுகமெண்டு பழகிப் போச்சு. இப்ப ஆரும் கேக்கமாட்டினம். எண்டாலும் வாய் வராது."

தலைவர் கோபித்துக்கொள்வாரா என்று கேட்டேன்.

"சீச்சீ. அவர் நல்ல மனிசன். ரெண்டு பேரும் ஒண்டாத்தான் வேலைக்குச் சேந்தனாங்கள். எண்டாலும் அவருக்கு முன்னால தமிழ் கதைக்க எனக்குத்தான் கூச்சம்."

பிறகு அவர் பேசிக்கொண்டே போனார். நான் பொரியலைச் சூடாக்குவதும் அணைப்பதுமாக நின்றேன். அந்தச் சின்ன நிலையத்தில்தான் அவர் வேலையில் சேர்ந்த புதிதில் இருந்தாராம். போர் கடுமையானதும் ரயில் நின்றுவிட்டது. நின்ற பிறகும் சில மாதங்கள் அவரும் இன்னொருவரும் காலையில் போய் நிலையத்தைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, மாலையில் பூட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். அப்புறம் தண்டவாளத்தையும் அடிக்கட்டைகளையும் பதுங்கு குழி கட்டக் கழற்றிக்கொண்டு போனார்கள். யார் கழற்றியது என்று நான் கேட்டேன். எல்லாருந்தான் என்றார். அதன் பிறகு தெற்கே மாற்றிக்கொண்டு வந்தவர், திரும்பவில்லை. மனைவி இறந்து ஐந்தாறு வருடம் ஆகிறது. மகள் கனடாவில். அவளோடு ஞாயிற்றுக்கிழமை தமிழ். பேத்தி போனில் ஆங்கிலத்தில்தான் பேசுகிறாள், அவர் பேத்தியோடு பேச வானிலையைப் பற்றி நான்கு ஆங்கில வாக்கியங்கள் வைத்திருக்கிறார்.

அம்மாவைப் பற்றி நானும் சொன்னேன். அவள் போன் செய்துகொண்டிருந்ததைச் சொன்னேன். அவர் ஆமாம் என்பதைப் போல, "ஓம்" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடியும், "ஓம் பிள்ளை" என்றார்.

தலைவர் கீழே இறங்கி வந்தபோது இருவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். நிறுத்தியது நான்தான் முதலில் என்று நினைக்கிறேன். அவர் எங்களைப் பார்த்தார், சொதியைப் பார்த்தார். தங்கள் வீடுகளில் இதற்குக் கிரி ஹொதி என்று பெயர் என்று ஆங்கிலத்தில் சொன்னார். எல்லாரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். முதல் வாய் சாப்பிட்டுவிட்டுத் தலைவர் என் பக்கம் திரும்பி, கொச்சையாக ஆனால் தெளிவாகத் தமிழில் சொன்னார்: "நல்ல கறி. உறைப்பு கொஞ்சம் காணாது."

இன்ஸ்பெக்டர் தட்டைப் பார்த்தபடியே சிரித்தார். இளைஞர்கள் இரண்டு முறை சோறு வாங்கிக்கொண்டார்கள். காவலாளி வாசலில் தட்டை வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துச் சாப்பிட்டான்.

அன்று வீடு திரும்பும்போது நான் ஸ்கூட்டியில் தனியாகப் பேசிக்கொண்டே வந்தேன். ஊரில் சித்தியிடம் பேசுவது போல, சந்தையில் மீன்காரியிடம் பேரம் பேசுவது போல. வாய் திறந்துகொண்ட பிறகு மூட மனம் வரவில்லை.

பந்த் முடிந்து வேலைக்குப் போன அன்று மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பாதுகாப்பு அதிகாரியும் உட்கார்ந்திருந்தார். இருவர் முகத்திலும் சங்கடம். விருந்தினர்களில் ஒருவரோடு நான் நெடுநேரம் சமையலறையில் தனியாகப் பேசியதாகக் காவலாளி சொல்லியிருக்கிறான். மேடத்துக்கு அவர்களுடைய பாஷை நன்றாகத் தெரிகிறது என்றும் சொன்னானாம்.

மேனேஜர், அது அவர்கள் பாஷை இல்லை, மேடத்தின் பாஷை, மேடத்தை அனுப்பியதும் நான்தான் என்று தெலுங்கில் விளக்கினார். அதிகாரி தலையாட்டினார். என்னிடம் இந்தியில், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, ஆனால் பக்கத்து ஷெட்டில் நடக்கிற வேலைக்கு நான் பதில் சொல்ல வேண்டியவன், மற்றவர்களுக்குப் புரியாத மொழியில் விருந்தினரோடு பேச்சு நடந்தால் நாளை கேள்வி வந்துவிடும் என்றார். உரக்கப் பேசவில்லை. எனக்குத் தேநீர் வரவழைத்தார். மீதி நாட்களுக்குக் கூடப் போகிற வேலையை ஒரு தெலுங்குப் பையனுக்குக் கொடுத்துவிட்டு, சோதனையை மட்டும் நான் நடத்தலாம் என்று முடிவு செய்தார்கள்.

 தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன். ஒரு பிழையும் செய்யாதவளிடம் மரியாதையாக நடந்துகொண்டார்கள், அதனால் யாரிடம் கோபப்படுவது என்று தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் என்ன சொன்னாரோ அது எனக்கும் நேர்ந்துவிட்டதே என்றுதான் நினைத்துக்கொண்டேன், என்ன கதைத்தேன் என்று பிறகு சொல்ல வேண்டிய வேலை.

மீதமிருந்த நிலையங்களை ஆங்கிலத்தில் முடித்தோம். கூடப் போகிற ஆள் மாறியதை இன்ஸ்பெக்டர் கவனித்தார். என்னை ஒரு முறை பார்த்தார். கேட்கவில்லை. மதியம் நான் என் மேசையிலேயே சாப்பிட்டேன், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர்கள் சாப்பிட்டார்கள்.

கடைசி நாள் கையெழுத்தெல்லாம் முடிந்து வேன் வாசலுக்கு வந்தது. மேனேஜர், பாதுகாப்பு அதிகாரி, எல்லாரும் வரிசையாக நின்றோம். தலைவர் என்னிடம் கைகுலுக்கி நன்றி சொன்னார். இளைஞர்கள், பாதை திறக்கும்போது நீங்கள் வர வேண்டும் என்றார்கள். இன்ஸ்பெக்டர் என் முன்னால் வந்து நின்று, எல்லாருக்கும் கேட்கிற குரலில், "நான் போட்டு வாறன் பிள்ளை. சொதிக்கு நன்றி" என்றார்.

"சரி அண்ணாச்சி. பாத்துப் போயிட்டு வாங்க" என்றேன்.

பாதுகாப்பு அதிகாரி வானத்தைப் பார்த்தார். வேன் போய்விட்டது.

சில மாதங்கள் கழித்துக் கருவிகள் கப்பலில் போயின. அவற்றைப் பொருத்தி இயக்கிவைக்க எங்களிடமிருந்து ஒரு பொறியாளர் போக வேண்டும். ஒவ்வொரு நிலையத்தையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள் நான். பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தேன், ஒரு மழைக்கோட்டும் வாங்கியிருந்தேன். தெலுங்குப் பையனை அனுப்புவதாக முடிவாயிற்று. பணியிட முகாமில் பெண்கள் தங்க வசதி இல்லை என்று மேனேஜர் சொன்னார். அது உண்மையாகவும் இருக்கலாம். வேறு காரணம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்கவும் முடியாது. மழைக்கோட்டை அந்தப் பையனுக்கே கொடுத்தேன்.

அவன் அங்கிருந்து அடிக்கடி போன் செய்வான். தடம் மாற்றும் பாயிண்ட் நகரவில்லை, மேடம். எந்தக் கம்பியைப் பார்க்க வேண்டும், மேடம். நான் செகந்தராபாத் பக்கம் உட்கார்ந்துகொண்டு, இடது பக்க அலமாரி, மேலிருந்து மூன்றாவது அடுக்கு என்று சொல்லுவேன். அங்கே மழை பெய்கிறதா, ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. வெயில் அதிகம் மேடம், பனைமரம் அதிகம் மேடம் என்பான். இன்ஸ்பெக்டரைப் பார்த்தாயா என்று ஒரு நாள் கேட்டேன். விசாரித்துச் சொன்னான். பாதை வேலை முடிவதற்கு முன்பே அவருக்கு ஓய்வு வந்துவிட்டதாம். மகளோடு இருக்கக் கனடா போய்விட்டாராம். அந்த நிலையத்துக்கு ஒரு முறையாவது வந்தாரா என்பது அங்கே யாருக்கும் தெரியவில்லை.

பாதையின் முதல் பகுதியைத் திறந்த அன்று அலுவலகத்தில் லட்டு கொடுத்தார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு எல்லார் முன்னிலையிலும், இந்த வேலையின் முதுகெலும்பு மேடம்தான் என்று பேசினார். கைதட்டினார்கள். எனக்குக் கொடுத்த பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய் ஆன்ட்டியிடம் கொடுத்தேன்.

"எதுக்கும்மா ஸ்வீட்?" என்றார்.

இலங்கையில் ரயில் விட்டிருக்கிறார்கள், அதில் எங்கள் வேலையும் இருக்கிறது என்றேன்.

"நீ போயி பாத்தியா?"

"இல்ல ஆன்ட்டி."

"ஹவ்வா" என்று சொல்லிவிட்டு, பேரப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கொரு லட்டு கொடுத்தார். அவர்கள் தெலுங்கில் இன்னொன்று கேட்டார்கள்.

நான் மாடிக்குப் போய் விளக்கைப் போட்டேன். மறுநாள் ஆப்பிரிக்க நாடு ஒன்றின் வரைபடங்கள் வருவதாக இருந்தது. அந்த ஊர்களின் பெயர்களைப் படிக்க எங்கள் அலுவலகத்தில் யாரும் இல்லை.